பத்தாம் வசனம்

காரிமங்கலம் செவ்வாய்ச் சந்தையில் மாடு வாங்க வருகிறவன் முதலில் வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பான். வாலைத் தூக்கிப் பார்ப்பான். நாலு தப்படி நடக்கவிட்டுக் கால் வாங்குகிறதா என்று பார்ப்பான். தரகர் துண்டைப் போட்டு மூடி, அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். அவர் சொல்வதில் பாதி பொய். ஆனாலும் "பல்லைப் பார்க்காதே, பார்த்தால் உனக்கு விசுவாசம் குறைவு" என்று சொல்லி மாடு விற்ற தரகர் இந்தச் சந்தையில் இதுவரை கிடையாது.

சந்தையைத் தாண்டினால் இந்த நியாயம் செல்லாது. தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். மூன்று நாள் அற்புத அடையாளப் பெருவிழா. ஊழியரின் முகம் ஒரு ஆள் உயரம். பெயருக்கு முன்னால் அப்போஸ்தலர், தீர்க்கதரிசி, டாக்டர் என்று மூன்று பட்டம். இயேசுவும் இருந்தார், இல்லையென்று சொல்லக் கூடாது. வலது ஓரத்தில், ஜெனரேட்டர் உபயதாரருக்குப் பக்கத்தில், பாஸ்போர்ட் போட்டோ அளவில் இருந்தார்.

மூன்றாம் நாள் நானும் போனேன். அத்தை கூப்பிட்டாள். அத்தைக்கு எழுத்துத் தெரியாது. தாத்தா உபதேசியாராக இருந்தவர். மகனுக்கு எழுத்தைச் சொல்லிக் கொடுத்தார், மகளை மாட்டோடு அனுப்பினார். அது அவர் கணக்கில் நிற்கிற பாவம். மற்றபடி அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. கொட்டாய் கொட்டாயாக நடந்து போய், ராந்தல் வெளிச்சத்தில் வேதத்தைத் திறந்தால் அதிகாரத்தை முடிக்காமல் மூட மாட்டார். "பாதியில மூடறது, பேசறவன் வாயப் பொத்தறாப்பல" என்பார். கேட்கிறவர்கள் தூங்கிப்போனாலும் முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். அந்த மனிதருடைய பேரனாக இருப்பதால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. மேடையில் ஒருவர் வசனம் சொன்னால் அதற்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்று புரட்டிப் பார்ப்பேன். இந்தக் காலத்தில் பக்தியைக் கெடுத்துக்கொள்ள இதைவிட நிச்சயமான வழி கிடையாது.

அன்றைக்கு வசனம் மல்கியா மூன்று, பத்து. இதைச் சொல்வதற்கு நான் கூட்டத்துக்கே போயிருக்க வேண்டாம். காணிக்கைப் பை எழுந்து நிற்கிற எந்தக் கூட்டத்திலும் மல்கியாவும் எழுந்து நிற்பார். தசமபாகத்தை எல்லாம் களஞ்சியத்துக்குக் கொண்டு வாருங்கள், வானத்தின் பலகணிகளைத் திறக்கிறேனா இல்லையா என்று சோதித்துப் பாருங்கள் என்கிற வசனம். தமிழ்க் கிறிஸ்தவர்களில் யோவான் மூன்று பதினாறு தெரியாதவன் இருக்கலாம், இது தெரியாதவன் இல்லை. மல்கியா என்று ஒரு தீர்க்கதரிசி பிறந்து, வளர்ந்து, வாயைத் திறந்து, இந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டுச் செத்துப்போனார் என்றுதான் பாதி சபைகள் நம்பிக்கொண்டிருக்கின்றன.

ஐந்து வசனம் மேலே போங்கள் ஐயா. அதிகம் இல்லை, ஐந்துதான். அதே பக்கத்தில், பெரும்பாலும் அதே பத்தியில் இருக்கிறது. கூலிக்காரனின் கூலியைப் பிடித்து வைக்கிறவன், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் நசுக்குகிறவன், வெளியூர்க்காரனுக்கு அநியாயம் செய்கிறவன், இவர்களுக்கு எதிராக நானே சாட்சி சொல்ல வருகிறேன் என்கிறார் கடவுள். கூட்டங்களில் சாட்சி சொல்ல மேடைக்கு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறோம். லோன் கிடைத்தது, விசா கிடைத்தது, இடம் விற்றது. கடவுள் சாட்சி சொல்ல வந்தால் மைக் கொடுப்பீர்களா?

அத்தைக்கு நூறு நாள் வேலை. 2024-25இல் தமிழ்நாட்டில் அதற்கு ஒரு நாள் கூலி 319 ரூபாய். அந்த 319இல் பத்தில் ஒன்று 31 ரூபாய் 90 காசு. அத்தை காசைப் பார்க்க மாட்டாள், 32 ரூபாயாகவே எடுத்துவைத்துவிடுவாள். அந்த வருஷக் கடைசியில் டெல்லியிலிருந்து பணம் வராமல் மாநிலம் முழுக்கக் கூலி மாதக்கணக்கில் நின்றது. 2025 ஜனவரியில் முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். நிலுவை ஆயிரம் கோடிக்கு மேல். ஏரியில் மண் வெட்டியவளுக்குச் சம்பளம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை பை மட்டும் தவறாமல் வந்தது. குழுக்கடன் வசூலுக்கு வருகிற பையனாவது "என்னா அத்த, இந்த வாரம் கஷ்டமா?" என்று ஒரு வார்த்தை கேட்பான். மேடையோ, கொடுக்காதவன் கடவுளைத் திருடுகிறவன் என்று எட்டாம் வசனத்தைக் காட்டியது. எட்டு தெரிகிறது, பத்து தெரிகிறது, ஐந்துக்கு மட்டும் கண்ணில் புரை.

கூலி கொடுக்காதவனைப் பற்றிய வசனம் கையிலேயே இருக்க, கூலி வராதவளைத் திருடி என்று சொல்ல ஒரு மனிதனுக்கு நாக்கு வருகிறது. அந்த நாக்குக்கு அபிஷேகம் என்று பெயர்.

இன்னொன்றும் கிடக்கிறது, யாரும் கிளறாமல். உபாகமம் பதினாலாம் அதிகாரத்தில் தசமபாகத்தை என்ன செய்வது என்று விலாவாரியாகவே எழுதியிருக்கிறது. விளைச்சலில் பத்தில் ஒன்றைக் கொண்டுபோய்க் கடவுளுடைய சந்நிதியில் குடும்பத்தோடு உட்கார்ந்து நீயே சாப்பிடு. தூரமாக இருந்தால் காசாக்கிக் கொண்டுபோய், ஆடோ மாடோ உன் மனசுக்குப் பிடித்ததை வாங்கிச் சாப்பிடு. அந்தப் பட்டியலில் மதுபானம்கூட உண்டு, நான் சேர்க்கவில்லை. மூன்றாவது வருஷத்துத் தசமபாகத்தை உன் ஊர் வாசலிலேயே வை. நிலமில்லாத லேவியனும் பரதேசியும் அநாதையும் விதவையும் வந்து வயிறாரத் தின்னட்டும். அத்தை விதவை. சட்டப்படி பார்த்தால் அவள் பை நீட்ட வேண்டும், ஊழியர் போட வேண்டும். இந்தப் பக்கத்தை ஒரு கன்வென்ஷனில் வாசித்தால் மறுநாள் ஜெனரேட்டருக்கு டீசல் இருக்காது.

அடுத்தது விதை. "விதைத்தால்தானே அறுப்பீர்கள்? உங்கள் கையில் இருக்கிற ஆயிரத்தை விதையுங்கள், நூறு மடங்கு வரும்!" வாலண்டியர்கள் கழுத்தில் க்யூஆர் கோடு அட்டையை மாட்டிக்கொண்டு வரிசை வரிசையாக இறங்கினார்கள். மாட்டுக் கழுத்தில் மணி, இவர்கள் கழுத்தில் க்யூஆர். காரிமங்கலத்துக்காரனிடம் போய் விதையைப் பற்றிப் பேச எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். மானாவாரிக் காட்டில் ராகி போட்டு, மழை ஏமாற்றி, கொள்ளாவது வரட்டும் என்று கொள்ளு போட்டு, அதுவும் போய், கடைசியில் பெங்களூருவுக்குக் கட்டட வேலைக்குப் பஸ் ஏறினவன் அவன். நூறு மடங்கு எந்த மண்ணில் வரும், எதில் வராது என்று அவனுக்குத் தெரியும். இயேசுவுக்கும் தெரிந்திருக்கிறது. வழியோரம், பாறை, முள், நல்ல மண் என்று பிரித்துத்தான் சொன்னார். சொல்லிவிட்டு அர்த்தத்தையும் அவரே சொன்னார்: விதை என்பது வசனம். மாற்கு நான்கு, பதினாலு. ரூபாய் என்று சொல்லவில்லை. அர்த்தத்தைச் சொன்னவரே சொல்லிவிட்டுப் போன பிறகும் வேறு அர்த்தம் கண்டுபிடிக்கிற ஆளுக்கு டாக்டர் பட்டம் கொடுத்ததில் தப்பேதும் இல்லை; அது ஒரு ஆராய்ச்சிதான்.

வருஷப் பிறப்பன்று இந்த வியாபாரம் இன்னும் மும்முரம். டிசம்பர் 31 ராத்திரி வாக்குத்தத்த அட்டை. எரேமியா இருபத்தொன்பது, பதினொன்று அச்சடிக்காத அச்சகம் தமிழ்நாட்டில் உண்டா? உங்களுக்கு நல்ல முடிவை வைத்திருக்கிறேன், தீமையை அல்ல என்கிற வசனம். டீக் கப்பில், சுவர்க் கடிகாரத்தில், ஆட்டோ பின்னால், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் எல்லாவற்றிலும் அதுதான். இங்கே வேடிக்கை என்னவென்றால், மறைக்கப்படுவது பத்தாம் வசனம். பாபிலோனுக்கு இழுத்துக்கொண்டு போகப்பட்ட அடிமைகளுக்கு எழுதிய கடிதம் அது. எழுபது வருஷம் கழித்துத்தான் திரும்பி வருவீர்கள் என்று பத்தாம் வசனத்தில் இருக்கிறது. கடிதத்தைக் கையில் வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் ஊர் திரும்பாமல் அங்கேயே செத்திருப்பார்கள். அந்த நல்ல முடிவு பேரப் பிள்ளைகளுக்கு. அதுவரை வீடு கட்டு, தோட்டம் போடு, நீ இருக்கிற ஊருக்காகப் பிரார்த்தனை செய் என்கிறது அதே கடிதம். நம்முடைய ஷார்ட்ஸ் தீர்க்கதரிசிக்கு எழுபது வருஷம் பொறுக்காது. அவருக்கு அறுபது விநாடி. "ஆமென் என்று கமென்ட் போடுங்கள், மூன்று நாளில் போன் வரும்." வரும், வரும். பார்ட்னர் ஆகிறீர்களா என்று கேட்டு வரும்.

குணமாக்கும் நேரம் வந்தது. கீபோர்டுக்காரர் சுருதியைத் தாழ்த்தினார். எங்கள் பக்கத்துக்காரர்களின் பல்லைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பழுப்பேறி, கோடு விழுந்து, அரித்திருக்கும். வயசானவர்களில் சிலருக்கு முதுகு மடங்கி, முழங்கால் பூட்டிக்கொண்டிருக்கும். போர் தண்ணீரில் ஃபுளோரைடு. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. இந்த மாவட்டத்தில் எத்தனையோ ஊர்க் கிணறுகள் அதை எப்போதோ தாண்டிவிட்டன. அதற்காகத்தான் ஜப்பான் கடனில் 1,900 கோடிக்கு மேல் செலவழித்து ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013இல் தண்ணீர் விட்டார்கள். மேடையில் இருந்தவர், மூட்டைப் பிடித்திருக்கிற பிசாசே, வெளியே வா என்று கத்தினார். அந்தப் பிசாசுக்கு ஊரும் பேரும் உண்டு ஐயா, பூமிக்கு அடியில் பாறையில் இருக்கிறது. கத்தினால் வராது, காவிரித் தண்ணீர் தெருக் குழாயில் தினமும் வந்தால் போகும். குழாயில் தண்ணீர் ஏன் வாரக்கணக்கில் வரவில்லை என்று ஒரு நாள் அந்த ஒலிபெருக்கியில் கேட்டுப் பாருங்கள், பிசாசு எந்த அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

கூட்டம் முடிகிற இடத்தில் எண்ணெய் விற்றார்கள். சின்னப் பாட்டில். விற்பனை இல்லையாம், காணிக்கைக்குப் பதில் ஆசீர்வாதமாம். எனக்குக் கேயாசி ஞாபகம் வந்தான். இரண்டாம் இராஜாக்கள் ஐந்தாம் அதிகாரம். சீரிய நாட்டுத் தளபதி நாகமான் குஷ்டம் குணமாக வருகிறான். பத்துத் தாலந்து வெள்ளி, ஆறாயிரம் பொன், பத்து மாற்றுத் துணி. எலிசா வாசலுக்குக்கூட வரவில்லை. ஆள் விட்டு, போய் யோர்தானில் முழுகு என்றார். குணமான பிறகு நாகமான் எவ்வளவு வற்புறுத்தியும் ஒரு செப்புக்காசு வாங்கவில்லை. வேலைக்காரன் கேயாசிக்கு அடங்கவில்லை. பின்னாலேயே ஓடினான். ஐயாவுக்கு விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று ஒரு பொய் சொல்லி, வெள்ளியும் துணியும் வாங்கி வீட்டில் ஒளித்துவைத்தான். நாகமானை விட்ட குஷ்டம் கேயாசியைப் பிடித்தது. குணமாக்கியதற்குக் காசு வாங்குவது பற்றி வேதத்தில் இவ்வளவு வெளிச்சமான கதை இன்னொன்று கிடையாது. ஞாயிறு பள்ளியில் இது உண்டு. கன்வென்ஷனில் நாகமானோடு கதை முடிந்துவிடும், ஏழு முறை முழுகியதோடு. கேயாசி மேடைக்குப் பின்னால் கணக்கு எழுதிக்கொண்டிருப்பார், அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது.

எல்லா ஊழியரும் இப்படியா என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். இல்லை. டிவிஎஸ் எக்ஸ்எல்லில் நாலு கிராமம் சுற்றி, மழைக்கு ஒழுகுகிற தகரக் கொட்டகையில் பன்னிரண்டு பேருக்கு ஆராதனை நடத்தி, ராத்திரி ஒரு மணிக்குப் பிரசவ வலி என்றால் ஆட்டோ பிடித்துக் கொண்டுபோகிறவர்கள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் முதல் அடி. பக்கத்து ஊரில் கூட்டம் நடந்த வாரம் அவர்களுடைய பையில் எண்பது ரூபாய்தான் விழும். கூரையைப் பிரிக்க ஆள் வந்தால் வாங்குகிற அடியும் அவர்களுக்குத்தான். ஃப்ளெக்ஸில் இருப்பவருக்கு முன்னாலும் பின்னாலும் கார் போகும்.

முன் வரிசைக்கு வருகிறேன். மேடைக்கு முன்னால் நாலு வரிசை சோபா. பிறகு துணி உறை போட்ட நாற்காலி. பிறகு வெறும் பிளாஸ்டிக் நாற்காலி. அதற்கும் பிறகு தார்ப்பாய். அத்தை தார்ப்பாயில். பொன் மோதிரம் போட்டவனைப் பார்த்து இங்கே உட்காருங்கள் என்றும், கந்தல் கட்டினவனைப் பார்த்து அங்கே நில் அல்லது காலடியில் உட்கார் என்றும் சொல்கிறவர்களை யாக்கோபு இரண்டாம் அதிகாரத்தில் வெளுத்து வாங்குகிறார். தார்ப்பாயில் யார் உட்கார்ந்தார்கள் என்று சொல்லாமலே தெரியும்; எங்கள் ஊரில் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்பது முகத்தில் எழுதியிருக்காவிட்டாலும் எல்லாருக்கும் படிக்கத் தெரியும். எழுத்துத் தெரியாத அத்தைக்குக்கூட.

இது பழைய சீக்கு. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது, ஒரே பந்தியில் நற்கருணை வாங்க வேண்டும் என்று உத்தரவு போட்டபோது தஞ்சாவூர்க் கிறிஸ்தவர்கள் எதிர்த்து நின்றார்கள். அந்தக் கட்சியில் பெரிய கவிஞரான வேதநாயக சாஸ்திரியாரே இருந்தார். 175 வருஷம் கழித்து, 2008 மார்ச்சில், எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் சம உரிமையும் தனிப் பங்கும் கேட்டார்கள். அவர்கள் மேல் சொந்த ஊர்க் கிறிஸ்தவர்களே விழுந்தார்கள். கலவரத்தில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் பிணங்களுக்கு நடுவே சுவர். உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் கட்டிய சுவர் அது; கடைசி எக்காளம் ஊதும்போது எந்தப் பக்கத்தார் முதலில் எழுந்திருப்பது என்று பேசி வைத்திருப்பார்கள் போல. திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையத்துத் தலித் கிறிஸ்தவர்கள் தங்கள் கோயிலில் தங்களுக்குச் சமமான இடம் கேட்டு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறார்கள். 2025இல் நோட்டீஸ் போயிருக்கிறது. கிறிஸ்துவுக்குள் யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை என்று பவுல் எழுதியதை அமல்படுத்த டெல்லியிலிருந்து நோட்டீஸ் தேவைப்படுகிறது.

எங்கள் மாவட்டத்திலேயே 2012 நவம்பர் 7 வந்தது. சாதி மாறி ஒரு பெண்ணும் பையனும் கல்யாணம் செய்துகொண்டார்கள். பெண்ணின் அப்பா உயிரை விட்ட அன்றைக்கு நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்று மூன்று தலித் குடியிருப்புகளில் புகுந்து 250க்கு மேல் வீடுகளைச் சூறையாடி எரித்தார்கள். அடுத்த வருஷம் ஜூலை 4 அன்று அந்தப் பையன் இளவரசன் தருமபுரி தண்டவாளத்தோரம் பிணமாகக் கிடந்தான். அந்த நாட்களில் நான் கேட்ட செய்திகளில், பார்த்த டிவி ஊழியங்களில், எரிந்த வீடு என்று ஒரு வார்த்தை என் காதில் விழவில்லை. அமெரிக்காவில் வரப்போகிற புயலை முன்கூட்டியே தரிசனத்தில் கண்டவர்களுக்கு இருபது கிலோமீட்டர் தள்ளி எழுந்த புகை தெரியவில்லை. சோபாவில் உட்கார்ந்திருப்பவர் முகம் சுளிக்கும் என்றால் பரிசுத்த ஆவியும் கண்ணை மூடிக்கொள்ளும் போல.

அரசாங்கமும் தன் பங்குக்கு விளையாடுகிறது. 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி. பிறகு 1956இல் சீக்கியரையும், 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவனானால் சாதி போய்விட்டது என்று சர்டிபிகேட் சொல்லும்; டீக்கடை சொல்லாது, கல்லறை சொல்லாது, சோபா சொல்லாது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் மதத்தைப் பார்க்காதீர்கள் என்றது. 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஒன்றும் நகரவில்லை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், நம்பிக்கையில் கிறிஸ்தவராக இருந்துகொண்டு சலுகைக்காக மட்டும் இந்து என்பது சாசனத்துக்குச் செய்கிற மோசடி என்று தீர்ப்பு எழுதியது. அதனால் எங்கள் தெருக்களில் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர். பள்ளிக்கூடத்தில் ஒன்று, ஞானஸ்நானத்தில் ஒன்று. பயந்து பயந்து தெய்வத்தைக் கும்பிடுகிற அந்தப் பிள்ளைகளைப் பார்த்து மேடையில் இருப்பவர், உலகத்துக்கு முன்னால் இயேசுவை அறிக்கையிட வெட்கப்படுகிறீர்களா என்று அதட்டுகிறார். அவருடைய பிள்ளைகள் எந்த கோட்டாவிலும் சேர வேண்டியதில்லை, மேனேஜ்மென்ட் சீட் இருக்கிறது.

2024 ஜனவரியில் பொம்மிடி பக்கம் பள்ளிப்பட்டி லூர்து அன்னை கோயிலுக்கு அப்போதைய பா.ஜ.க. மாநிலத் தலைவர் அண்ணாமலை வந்தார். ஊர்ப் பையன்கள் சிலர் வாசலிலேயே மறித்து, மணிப்பூரில் சர்ச் எரிந்ததே, அதற்கென்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்கள். இறையியல் கல்லூரியில் படித்தவர்கள் இல்லை, பட்டமும் இல்லை, கீபோர்டும் இல்லை. ஒரு கேள்விதான் கேட்டார்கள். இந்த மாவட்டத்தில் நான் அறிந்தவரை அண்மையில் நடந்த ஒரே பிரசங்கம் அது.

கூட்டம் முடிந்து அத்தையை வீட்டில் விட்டேன். முந்தானையில் எண்ணெய்ப் பாட்டில் முடிந்திருந்தாள். திட்ட வாய் வரவில்லை. அவளுக்கு முழங்கால் வலி, அது பொய்யில்லை. தாத்தாவின் பழைய வேதப்புத்தகம் பெட்டி மேல் துணி சுற்றி இருந்தது. "அந்த ஐயா சொன்னாரே, மல்கியா, அத மொதல்லருந்து படி, கேக்கலாம்" என்றாள். தாத்தா மகள் அல்லவா. மொத்தமே நாலு அதிகாரம். படித்தேன்.

முதல் அதிகாரத்தில் குருட்டு ஆட்டையும் நொண்டி ஆட்டையும் பலிக்குக் கொண்டுவருகிறவர்களுக்குத் திட்டு. "சந்தையில வித்தா எவன் வாங்குவான் அத" என்று அத்தை ஒத்து ஊதினாள். இரண்டாம் அதிகாரம் ஆசாரியர்களுக்கென்றே எழுதியது, ஆரம்பமே அவர்களைக் கூப்பிட்டுத்தான். மூன்றாம் வசனத்தில், உங்கள் பண்டிகைகளின் சாணியை உங்கள் முகத்திலேயே பூசுவேன் என்கிறார் கடவுள்.

அத்தை என்னை நிறுத்தினாள். "ஊழியக்காரங்க மொகத்துலயா?"

"ஆமா அத்த. அப்படித்தான் போட்டிருக்குது."

பாட்டிலை முந்தானையிலிருந்து அவிழ்த்துப் பெட்டி மேல் வைத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கையால் கணக்குப் போடுகிற மாதிரி விரலை மடக்கினாள்.

"எம்மாஞ் சாணி வேணுமாம்? செவ்வாக்கெழம சந்தையில வண்டி கணக்குல கெடக்குது. நான் அள்ளிக்கினு வரேன்."